மலைக் கிழவரின் சொர்க்கம்: ஹஸன் ஸப்பாஹ் பற்றிய புனைவும் திரையும்

ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் முதலான ஐரோப்பிய மொழிகளில் கொலைஞனைக் குறிக்க வழங்கும் ‘அஸாஸின்’ என்னும் சொல்லும் அதன் திரிபுகளும் அரபு மொழியிலிருந்து சென்றவை. சிலுவைப் போர்க் காலத்தில் சிரியாவின் மலைக்கோட்டைகளில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் பிரிவினரை அவர்களுடைய எதிரிகள் ‘ஹஷீஷிய்யா’ என்று இழித்துரைத்தனர். அந்த வசைச்சொல்லே கடல் கடந்து, உலக அகராதிகளில் கொலைக்குரிய பெயராக நிலைபெற்றது. சொல்லோடு ஒரு கதையும் சென்றது. அக்கதையின் நாயகர், அல்லது கொடியவர், அலமூத் கோட்டையின் அதிபர் ஹஸன் இப்னு ஸப்பாஹ்.

2024ஆம் ஆண்டு ரமளானில் எகிப்தியத் தொலைக்காட்சி ‘அல்ஹஷ்ஷாஷீன்’ என்னும் பெயரில் 30 பகுதிகள் கொண்ட தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. அப்துர் ரஹீம் கமால் எழுத, பீட்டர் மீமீ இயக்கிய இத்தொடரில் எகிப்தின் புகழ்பெற்ற நடிகர் கரீம் அப்துல் அஸீஸ் ஹஸன் ஸப்பாஹாகத் தோன்றினார். அரபுலகெங்கும் பெருந்திரளானோர் அதனைக் கண்டனர். ஈரான் அத்தொடருக்குத் தடை விதித்தது. பதினோராம் நூற்றாண்டுப் பாத்திரங்கள் எகிப்தியப் பேச்சு வழக்கில் உரையாடுவது தகுமா என்ற விவாதமும் எழுந்தது. இவ்வளவு ஆரவாரத்துக்கிடையே அடிப்படையான வினா ஒன்று போதிய கவனம் பெறவில்லை. திரையில் நாம் காணும் அந்தக் கொடியவர் எங்கிருந்து வந்தார்? வரலாற்றிலிருந்தா, கதையிலிருந்தா?

இவ்வினாவை ஆராய நமது மரபிலேயே சிறந்ததோர் அளவுகோல் உண்டு. ஒரு செய்தி வந்தால், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, அவருக்குப் பகையோ சார்போ உண்டா என்றெல்லாம் துருவிப் பார்த்தவர்கள் ஹதீஸ்கலை அறிஞர்கள். அந்த இஸ்னாத் முறையை இங்கே சற்றுப் பொருத்திப் பார்ப்போம்.

கதை சொல்லும் ஹஸன்

பரவலாக வழங்கும் கதையில் மூன்று கூறுகள் உள்ளன.

முதலாவது, மூன்று பள்ளித் தோழர்களின் கதை. நிஸாமுல் முல்க், உமர் கையாம், ஹஸன் ஸப்பாஹ் ஆகிய மூவரும் நைசாபூரில் ஒரே ஆசிரியரிடம் பயின்றனராம். எவர் உயர்ந்தாலும் மற்ற இருவரையும் உயர்த்துவது என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டனராம். நிஸாமுல் முல்க் ஸல்ஜூக்கியப் பேரரசின் வஸீராக உயர்ந்தபோது, உமர் கையாம் ஓர் உதவித்தொகை போதுமென்று ஆராய்ச்சியில் அமர்ந்தார். ஹஸனோ பதவி பெற்று, நண்பரின் இடத்தையே கைப்பற்ற முயன்று, தோற்று, வஞ்சம் கொண்டு அலமூத்துக்குப் போனார் என்பது கதை.

இரண்டாவது, சொர்க்கத் தோட்டத்தின் கதை. மலைக்கோட்டைக்குள் பாலும் தேனும் ஓடும் தோட்டமொன்றை அமைத்து, இளைஞர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து அங்கே கொண்டு சேர்ப்பாராம் கோட்டைத் தலைவர். சில நாள் இன்பத்துக்குப் பின் மீண்டும் மயக்கி வெளியே கொணர்ந்து, “இன்னாரைக் கொன்றுவிட்டு வா, சொர்க்கம் மீண்டும் கிட்டும்” என்பாராம்.

மூன்றாவது, மரணப் பாய்ச்சல். விருந்தாக வந்த அந்நியத் தூதர் முன்னிலையில், தலைவர் கையசைத்ததும் சீடனொருவன் கோட்டை மதிலிலிருந்து குதித்து உயிர்விடுகிறான்.

எகிப்தியத் தொடர் இம்மூன்றையும் எடுத்தாண்டிருக்கிறது. அதற்கு முன்பே ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் 2010ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் இக்கூட்டத்தாரின் பெயரைத் திரித்துக் கூலிக் கொலைஞர் குழுவாகக் காட்டியது. 2007இல் தொடங்கிய ‘அஸாஸின்ஸ் கிரீட்’ கணினி விளையாட்டும், 2016இல் வெளிவந்த அதன் திரைவடிவமும் அதே பெயரை வணிகச் சின்னமாக்கின.

அறிவிப்பாளர்களைத் தேடி

பள்ளித் தோழர் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். நிஸாமுல் முல்க் பிறந்தது 1018. உமர் கையாம் பிறந்தது 1048. ஹஸன் 1050களில் பிறந்தவர் என்பது ஆய்வாளர் கருத்து. வஸீர் முப்பது வயதைக் கடந்தபோது பிறந்த இருவர் அவரோடு ஒரே பாயில் அமர்ந்து பாடம் கேட்டிருக்க இயலாது. ஹஸன் கும் நகரில் பிறந்து ரய் நகரில் வளர்ந்தவர். இளமையில் நைசாபூரில் பயின்றார் என்பதற்கும் வலுவான சான்றில்லை. மங்கோலியர் காலத்து வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் இக்கதையைத் தம் நூலில் சேர்த்திருக்கிறார். ஆயின் அவர் எழுதியதோ ஹஸன் இறந்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து. 1859இல் எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு உமர் கையாமின் ருபாயிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது முன்னுரையில் இதனை எடுத்துரைக்க, கதை உலகப் புகழ் பெற்றது. அறிவிப்பாளர்கள் சந்தித்திருக்க முடியாத செய்திக்கு ஹதீஸ்கலையில் என்ன மதிப்பு உண்டோ, அதே மதிப்புதான் இதற்கும்.

சொர்க்கத் தோட்டக் கதையின் புகழ்மிக்க அறிவிப்பாளர் வெனிஸ் நகரப் பயணி மார்கோ போலோ. அவர் பிறந்தது 1254. மங்கோலியத் தளபதி ஹுலாகுவிடம் அலமூத் வீழ்ந்தது 1256. அதாவது கோட்டை இடிந்தபோது அவர் இரண்டு வயதுக் குழந்தை. 1270களின் தொடக்கத்தில் பாரசீகத்தைக் கடந்து சென்ற அவர், கேள்விப்பட்டதைப் பல்லாண்டு கழித்து ஜெனோவாச் சிறையில் எழுத்தாளர் ருஸ்திகெல்லோவிடம் சொன்னார். அவர் குறிப்பிடும் ‘மலைக் கிழவர்’ ஹஸன் அல்லர். ‘அலாவுத்தீன்’ என்றே அவர் பெயர் சொல்கிறார். அது 1255இல் இறந்த, அலமூத்தின் கடைசிக்கு முந்தைய தலைவரின் பெயர். பிற்காலத்தார் அக்கதையை எடுத்து ஹஸனின் தலையில் ஏற்றினர்.

மார்கோ போலோவுக்கு முன்பே இக்கதையின் துண்டுகள் சிலுவைப் போராளிகளிடையே உலவின. 1175இல் ஜெர்மானியப் பேரரசர் ஃபிரடெரிக்கின் தூதராக ஸலாஹுத்தீன் அய்யூபியிடம் அனுப்பப்பட்ட பர்கார்டு என்பவரது அறிக்கை, சிறுவர்கள் தனி மாளிகைகளில் வளர்க்கப்பட்டுக் கீழ்ப்படிதல் கற்பிக்கப்படுவதாகக் கூறுகிறது. அதில் மயக்கமருந்து இல்லை. சில பதின்மங்கள் கழித்து எழுதிய லூபெக் நகர ஆர்னால்டு மருந்தைச் சேர்த்தார். மார்கோ போலோ தோட்டத்தைச் சேர்த்தார். காலம் விலக விலகக் கதை வளர்ந்திருக்கிறது. கண்டவர்களின் சாட்சியம் இப்படி வளர்வதில்லை.

மரணப் பாய்ச்சலை ஐரோப்பிய ஏடுகள் 1194இல் சிரியாவுக்குச் சென்ற ஷாம்பெய்ன் கோமகன் ஹென்றியோடு இணைத்துச் சொல்கின்றன. அப்போது ஹஸன் மறைந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பகைவரின் சாட்சியம்

கதையை மறுக்க வலுவான சாட்சி, ஹஸனைச் சபித்தே எழுதிய ஒருவர். அவர் அதா மலிக் ஜுவைனி. ஹுலாகுவின் படையோடு அலமூத்துக்குள் நுழைந்து, எரிப்பதற்கு முன் அதன் நூலகத்தைப் பார்வையிட்டவர். குர்ஆன் பிரதிகளையும் வானியல் கருவிகளையும் எடுத்து வைத்துவிட்டு, வழிகேடு என்று தாம் கருதிய நூல்களைத் தீக்கிரையாக்கியதை அவரே பதிவு செய்கிறார். எரிக்கும் முன் ஹஸனின் வரலாறு கூறும் நூலொன்றைப் படித்து அதிலிருந்து செய்திகளைத் தம் வரலாற்றில் சேர்த்துக்கொண்டார். கோட்டையின் உறுதியையும், பாறையில் குடைந்த சேமிப்பறைகளையும், நீர்த்தேக்கங்களையும் வியந்து விவரிக்கும் ஜுவைனி, சொர்க்கத் தோட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஹஷீஷ் பற்றியும் எழுதவில்லை. பகைவரைப் பழிக்கக் கிடைத்த எதையும் விட்டுவைக்காத ஒருவர், இத்தகைய வாய்ப்பை எவ்வாறு தவறவிட்டிருப்பார்?

மாறாக அவர் காட்டும் ஹஸன் கடுந்துறவி. அலமூத்தில் நுழைந்த 1090 முதல் இறந்த 1124 வரை அவர் கோட்டையை விட்டு இறங்கவில்லை. தம் மகன்களுள் ஒருவரைக் கொலைக் குற்றச்சாட்டின் பேரிலும், மற்றொருவரை மது அருந்தியதாகக் கூறியும் மரணத்துக்கு உள்ளாக்கினார். குழல் ஊதிய ஒருவரைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். முற்றுகைக் காலத்தில் மனைவியையும் புதல்வியரையும் கிர்த்கூஹ் கோட்டைக்கு அனுப்பி, நூல் நூற்று உண்ணச் செய்தார். மதுவுக்காக மகனைக் கொன்றவர் கோட்டைக்குள் மதுவும் மங்கையரும் நிறைந்த தோட்டம் நடத்தினார் என்பது பொருந்துகிறதா? ஜுவைனி காட்டும் இந்த ஹஸன் நம்மை நடுங்கவைக்கிறார். ஆயினும் கதையின் ஹஸனுக்கும் இவருக்கும் ஒற்றுமை ஏதுமில்லை.

‘ஹஷீஷிய்யா’ என்னும் சொல்லையும் இங்கே விளக்க வேண்டும். ‘ஹஷீஷ்’ என்றால் அரபியில் உலர்ந்த புல். பின்னர் கஞ்சாவையும் குறித்தது. இவர்களைக் குறித்து இச்சொல் எழுத்தில் காணப்படும் பழைய ஆவணம், 1120களின் தொடக்கத்தில் கெய்ரோவிலிருந்து ஃபாத்திமீ கலீஃபா அல்ஆமிர் பெயரால் விடுக்கப்பட்ட மடல். அவரும் இஸ்மாயீலீ மரபைச் சேர்ந்தவரே. அம்மடல் எவரும் கஞ்சா உட்கொண்டதாகக் கூறவில்லை. இழிந்தோர், கீழ்மக்கள் என்னும் பொருளில் திட்டுகிறது. அதே அல்ஆமிர் 1130இல் நிஸாரிகளின் கத்திக்கு இரையானார். வசையை நேர்ப்பொருளில் கொண்டு, போதையில் கொன்றவர்கள் என்று விளக்கம் எழுந்தது பிற்காலத்தில். 1809இல் பிரெஞ்சு அறிஞர் ஸில்வெஸ்டர் டி ஸாஸி, ‘அஸாஸின்’ என்பதன் மூலம் இச்சொல்லே என்று நிறுவியபோது, சொல்லாராய்ச்சி சரியாக அமைந்தது. போதைக் கதைக்கும் அதனால் ஒரு கல்விசார் மதிப்பு வந்து சேர்ந்தது.

உண்மையான குருதி

கதை பொய் என்பதால் கொலைகளும் பொய் ஆகிவிடா. இதனை நாம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஹஸனின் ஆட்களால் சிந்தப்பட்ட குருதி உண்மையானது.

1092ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில், நஹாவந்த் அருகே, ஸூஃபியைப் போல உடையணிந்து வந்த ஒருவன் நிஸாமுல் முல்க்கைக் குத்திக் கொன்றான். பக்தாதில் நிஸாமிய்யா கல்விக்கூடத்தை நிறுவிய அப்பெருமகனின் மரணத்தில் அரசவைப் போட்டியாளர்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று அன்றே பேசப்பட்டது. எனினும் அலமூத்தார் அதனைத் தங்கள் முதல் வெற்றியாகவே பதிந்துகொண்டனர். ஹஸனின் காலத்தில் நிகழ்ந்தனவாக அவர்களுடைய பட்டியலிலிருந்து நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 50 கொலைகள். அமீர்கள், காழிகள், முஃப்திகள் அதில் அடக்கம். பலர் பள்ளிவாசல்களிலேயே கொல்லப்பட்டனர். தொழ வந்த மக்கள் நடுவே கொல்வதன் நோக்கம், ஒருவரைக் கொன்று ஓராயிரம் பேரை அஞ்சவைப்பது.

இது ஏன் நிகழ்ந்தது? ஸல்ஜூக்கியப் பேரரசின் படைபலத்தை நேரில் எதிர்க்கும் ஆற்றல் சில மலைக்கோட்டைகளின் அதிபருக்கு இல்லை. அதே வேளையில் அப்பேரரசு, குறிப்பாக 1092இல் ஸுல்தான் மலிக்ஷாஹ் இறந்தபின், பல அமீர்களின் கைகளில் சிதறிக் கிடந்தது. ஓர் அமீரைச் சாய்த்தால் ஒரு படையே கலையும் சூழல் அது. 1094இல் கெய்ரோவில் கலீஃபா அல்முஸ்தன்ஸிர் மறைந்ததும், மூத்த மகன் நிஸாரைத் தள்ளிவிட்டு இளையவர் அரியணையில் அமர்த்தப்பட்டார். ஹஸன் நிஸாரின் பக்கம் நின்றார். கெய்ரோவின் ஆதரவும் அற்றுப்போன தனிமையில் அவருடைய இயக்கம் மேலும் இறுகியது. துருக்கிய ஆட்சியின் மீது பாரசீக மக்களுக்கிருந்த கசப்பும் அவருக்கு ஆள் சேர்த்தது. பல நாள் மாறுவேடத்தில் காத்திருந்து, எதிரியின் நம்பிக்கையைப் பெற்று, தப்ப வழியில்லை என்று தெரிந்தே கத்தியை உருவுபவனுக்குத் தேவைப்பட்டது தெளிந்த மூளையும் தடுமாறாத நம்பிக்கையும். போதையுற்றவனால் ஆகாத காரியம் அது.

மறுபுறத்திலும் குருதி சிந்தப்பட்டது. இஸ்ஃபஹானில் இஸ்மாயீலீகள் என ஐயுறப்பட்டோர் தீயில் எறியப்பட்டதை இப்னுல் அஸீர் பதிவு செய்கிறார். 1113இல் அலெப்போவிலும், 1129இல் டமாஸ்கஸிலும் அப்பிரிவினர் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டனர். பழி பழியை ஈன்ற காலம் அது. ஒரே ஒரு கொடியவரை நடுவில் நிறுத்தும் எந்தக் கதையிலும் இந்தப் பகுதி இடம்பெறுவதில்லை.

அறிஞர்கள் காட்டிய வழி

இத்தருணத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நினைவுகூர்வது பொருத்தம். நிஸாமுல் முல்க்கின் ஆதரவில் பக்தாத் நிஸாமிய்யாவில் ஆசிரியராக அமர்ந்தவர் அவர். தம்மை உயர்த்திய வஸீர் குத்துண்டு இறந்த சில ஆண்டுகளுக்குள், கலீஃபா அல்முஸ்தழ்ஹிரின் வேண்டுகோளின்படி பாத்தினிகளை மறுத்து நூல் எழுதினார். சினம் கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆயினும் அவர் தாக்கியது கொள்கையை. மெய்ந்நெறியை அறியத் தவறிழைக்காத ஓர் ஆசிரியர் தேவை, அவர் நம் இமாமே என்னும் ‘தஃலீம்’ வாதத்தைப் பகுத்து, அதன் முரண்களை எடுத்துக்காட்டி மறுத்தார். தோட்டமும் மயக்கமருந்தும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஷஹ்ரஸ்தானீ இன்னும் ஒரு படி சென்றார். ஹஸன் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதிய ‘அல்மிலல் வன்னிஹல்’ நூலில், ஹஸன் பாரசீகத்தில் எழுதிய நான்கு வாதங்களை அரபியில் எடுத்துத் தந்தார். ஹஸனின் சொந்த எழுத்தென்று நமக்கு எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, இவ்வாறு பிறர் ஒருவரின் நூலில் பாதுகாக்கப்பட்டது. மறுக்கப்பட வேண்டிய கருத்தையும் அதன் உரிமையாளர் ஏற்கும் வடிவில் முதலில் எடுத்துரைப்பது நமது அறிவு மரபின் நேர்மை.

திரை ஏன் கதையைத் தேர்கிறது?

இத்தனை சான்றுகள் இருந்தும் திரை ஏன் புனைவையே நாடுகிறது? தஃலீம் வாதத்தைப் படம் பிடிக்க முடியாது, தோட்டத்தைப் பிடிக்கலாம். அமீர்களின் பூசலை ஒரு காட்சியில் விளக்க முடியாது. தோழனுக்குத் துரோகம் செய்தவனை ஒரே பார்வையில் விளக்கிவிடலாம். நாடகக் கலையின் இத்தேவையை நாம் குறைகூற வேண்டியதில்லை. புனைவாசிரியர்களும் இதனைப் பயன்படுத்தியே வந்துள்ளனர். ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாடிமிர் பார்த்தோல் 1938இல் எழுதிய ‘அலமூத்’ நாவலில் மார்கோ போலோவின் தோட்டத்தை விரித்து, ஐரோப்பாவைச் சூழ்ந்துவந்த சர்வாதிகாரத்தை மறைமுகமாகச் சித்திரித்தார். எகிப்தியத் தொடரையும் மதத்தின் பெயரால் இயங்கும் இன்றைய இரகசிய அமைப்புகளைப் பற்றிய எச்சரிக்கையாகவே பலர் கண்டனர். ஒவ்வொரு காலமும் தன் அச்சத்துக்கு ஹஸனின் முகத்தை அணிவிக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மூளையை மயக்கும் மருந்தால் கொலைஞர் உருவானார்கள் என்று காட்டும்போது, கொலைக்கு இட்டுச் சென்ற உண்மையான காரணங்கள் மறைந்துபோகின்றன. நம்பிக்கையின் பெயரால் உயிரைப் பறிக்கும் இளைஞர்கள் நம் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், தம் கூட்டமே உண்மையின் ஒரே உரிமையாளர் என்னும் எண்ணம், அநீதிக்கு எதிரான கோபம், தலைவனின் தூய்மை மீதான மயக்கம் ஆகியவை அவர்களை ஆக்குகின்றன. தொடரைப் பார்த்து முடிக்கும் இளைஞன், “நான் ஹஷீஷ் உண்ணவில்லை, ஆகவே நான் அவர்களைப் போன்றவன் அல்லன்” என்று ஆறுதல் அடைந்தால், எச்சரிக்கை வீணாகிறது. ஜுவைனி காட்டும் ஹஸனோ மது தொடாதவர், இசை விரும்பாதவர், தம் மக்களுக்கும் சலுகை காட்டாதவர். புறத்தூய்மை இத்தனை இருந்தும் ஒருவர் பள்ளிவாசலில் கொலைக்கு ஆள் அனுப்ப முடிந்தது. கதையிலுள்ளதைவிட வரலாற்றிலுள்ள பாடமே நமக்குக் கடுமையானது; பயன் தருவதும் அதுவே.

மற்றொன்றும் உண்டு. நிஸாரீ இஸ்மாயீலீகள் மறைந்துபோன கூட்டத்தார் அல்லர். ஆகா கானைத் தம் இமாமாக ஏற்று, மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் நடத்தி, பல நாடுகளில் அமைதியாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுடைய கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லாமலிருக்கலாம். ஆயினும் 900 ஆண்டுகளுக்கு முன் எதிரிகள் வீசிய வசையை அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் திரையில் கேட்க நேர்கிறது. 2015 மே மாதம் கராச்சியில் அச்சமூகத்தார் சென்ற பேருந்தை மறித்து நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். அக்கொலைக்குக் கதைகளே காரணம் என்று நாம் கூறவில்லை. ஒரு மக்கட் பிரிவைப் பற்றிய பழங்கதைகளைச் சோதிக்காமல் கைமாற்றுவது பொறுப்பான செயலாகாது என்பதை அந்தப் பேருந்து நமக்கு உணர்த்த வேண்டும்.

தொடரைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அதன் நடிப்பையும் காட்சி அழகையும் சுவைக்கட்டும். பார்த்து முடித்தபின் பிள்ளைகள் “இதெல்லாம் உண்மையா?” என்று கேட்டால், ஜுவைனி கோட்டைக்குள் கண்டதையும் காணாததையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். கூடவே, பள்ளிவாசல்களில் சிந்திய குருதியையும், இஸ்ஃபஹானில் மூட்டிய தீயையும் மறைக்காமல் சொல்வோம்.